கடைசியில் கிடந்த பல்லவி

ஒருவர் இயற்றி, ஒருவர் பாடி, ஒலிப்பதிவாகி, ஜனங்களின் காதில் ஏறிவிட்ட பாட்டொன்றை வேறொருவர் கையில் எடுத்து, அதன் குரலை மட்டும் தனியே பிரித்து வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே மின்னணு யந்திரங்களில் பிறந்த புதிய தாளத்தையும் புதிய நாதத்தையும் இழைத்து, இன்னொரு பாட்டாக வெளியிடுகிற வழக்கம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. ரீமிக்ஸ் என்று இதைச் சொல்கிறோம். சங்கீதத்தில் மெய்யான பற்றுடையவர்களிலே பலர் இந்தப் பெயரைக் கேட்டவுடனே முகம் சுளிப்பதை நான் அறிவேன். அவர்களுடைய வருத்தம் காரணமில்லாத வருத்தமும் அன்று. அருமையான மெட்டின்மேல் அர்த்தமற்ற முழக்கத்தைக் கொட்டி, பாடியவரின் மூச்சும் நெகிழ்வும் காதில் விழாதபடி மூடிவிட்டு, அதற்குப் புதுமை என்று நாமகரணம் செய்து விற்றவர்கள் ஏராளம். ஆயினும் அவர்களை வைத்து இந்தக் கலையை அளப்பது நியாயமாகாது. நன்றாகச் செய்யப்படும்போது இது பாட்டைக் கேட்பதிலேயே மிகக் கூர்மையான ஒரு வகை என்பதும், மூலத்தை ஆக்கியவர் அறிந்தோ அறியாமலோ ஓரத்தில் வைத்துவிட்டுப் போனதை இன்னொரு செவி கண்டெடுக்கிற காரியம் என்பதுமே என் அபிப்பிராயம்.

தொடங்குமுன் ஒரு பேதத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழ்த் திரைப்படங்களில் ரீமிக்ஸ் என்று வழங்குவது பெரும்பாலும் பழைய பாட்டைப் புதிய குரலில் மறுபடி பாடவைப்பதுதான். எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்து டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'பொன்மகள் வந்தாள்' 1970-இல் 'சொர்க்கம்' படத்தில் வந்தது. அதையே 2007-இல் 'அழகிய தமிழ்மகன்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் வேறு வாத்தியங்களோடும் வேறு பாடகர்களைக் கொண்டும் அமைத்தார். அது மறு ஆக்கம். அதற்குரிய இலக்கணமும் சுவையும் தனி. நான் இங்கே எழுதப் புகுந்திருப்பது, பதிவான மூலக் குரலையே, அது பாடப்பட்ட அந்தக் கணத்தின் மூச்சோடும் நடுக்கத்தோடும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள உலகத்தை மாத்திரம் மாற்றுகிற வேலையைப் பற்றி. பாடியவர் மறுபடி பாடுவதில்லை. அவர் எங்கோ எப்போதோ பாடிவிட்டுப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற ஒலிக்கு இன்னொருவர் வீடு கட்டவேண்டும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகியின் 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டைத்தான். நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதியில், பிராட்வே வீதியும் 112-ஆம் தெருவும் கூடுகிற மூலையில், டாம்ஸ் ரெஸ்டாரன்ட் என்று ஒரு சாதாரணச் சிற்றுண்டிச்சாலை உண்டு. அதற்குப் பக்கத்திலுள்ள பர்னார்ட் கல்லூரியில் படித்த வேகா, 1980-களின் தொடக்கத்தில், அங்கே காலைக் காப்பிக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்ணில் படுகிற அற்ப சங்கதிகளைக் கோத்து ஒரு பாட்டெழுதினார். பிரையன் ரோஸ் என்ற புகைப்படக் கலைஞர் அவருடைய நண்பர். உலகத்தைத் தாம் எப்போதும் ஒரு கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்ப்பதாகவே உணர்வதாக அவர் சொன்னதுதான் அந்தப் பாட்டுக்கு வித்து. பாட்டிலே பெரிய சம்பவம் ஒன்றும் நிகழ்வதில்லை. பத்திரிகையைப் புரட்டுவது, வெளியே மழையில் ஒரு பெண் நிற்பதைக் காண்பது, கோவில் மணியோசை கேட்டுப் பழைய நினைவொன்று தோன்றுவது, ரயிலைப் பிடிக்க எழுந்து போவது, இவ்வளவே. பியானோ ஒன்று பக்கவாத்தியமாக இருக்கவேண்டும் என்று வேகா விரும்பினார்; ஆனால் அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆகவே வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் பாடினார். 1987-இல் வெளியான 'சாலிட்யூட் ஸ்டாண்டிங்' என்ற இசைத்தொகுப்பு, இரண்டு நிமிஷத்துக்குச் சற்றே அதிகமான அந்தத் தனிக் குரலோடுதான் தொடங்குகிறது.

பக்கவாத்தியமற்ற குரலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. அதே காலத்தில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில், ஒலிப்பதிவுகளைச் சுருக்கிச் சிறிய அளவில் அடக்குவதற்கு வழி தேடிக்கொண்டிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற பொறியியலாளர், மற்றப் பாட்டுக்களில் ஓரளவு சரியாக இயங்கிய தம்முடைய முறை இந்தப் பாட்டில் மட்டும் குரலைச் சிதைத்துவிடுவதைக் கண்டார். தாளமும் தந்தியும் மறைத்துக் காத்த பிழைகள் இந்த ஒற்றைக் குரலில் அம்பலமாயின. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் முறையைத் திருத்தித் திருத்தி அவரும் அவருடைய குழுவினரும் எட்டியதுதான் இன்று எல்லாருக்கும் தெரிந்த எம்.பி.3. பொறியியலாளருக்கு இத்தனை சோதனையாக அமைந்த அந்த நிர்வாணமே, ரீமிக்ஸ் செய்வோருக்குத் திறந்த கதவாக அமைந்தது. குரலைச் சுற்றி வெற்றிடம் இருந்தது. அதில் யாரும் வந்து குடியேறலாம்.

1990-இல் அவ்விதம் குடியேறினார்கள் இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த நிக் பேட், நீல் ஸ்லேட்ஃபோர்ட் என்ற இருவர். டி.என்.ஏ. என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அவர்கள், வேகாவின் குரலுக்குக் கீழே, சோல் டு சோல் என்ற லண்டன் குழுவின் 'கீப் ஆன் மூவிங்' பாட்டிலிருந்து பெற்ற தாளத்தை ஓடவிட்டார்கள். அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல், நகரத்துத் தெருவில் வேலைக்குப் போகிறவன் நடக்கிற நடையில் செல்லும் தாளம் அது. காலைக் காப்பியைப் பற்றிய பாட்டுக்கு அதைவிடப் பொருந்திய காலப்பிரமாணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர்கள் செய்தவற்றில் மேலான காரியம் தாளத்தைச் சேர்த்தது அன்று. வேகாவின் மூலத்தில் வார்த்தைகளெல்லாம் தீர்ந்தபிறகு, பாடியவர் எழுந்து தெருவில் நடந்துபோவதுபோல், சொற்களில்லாத ஒரு ராக இழை சில விநாடிகள் வெறுமனே வந்து ஓய்கிறது. பாட்டின் வாலென்று எல்லாரும் நினைத்திருந்த அந்த இழையை இவர்கள் எடுத்து முன்னே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாட்டு அதில் தொடங்குகிறது. ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் அதனிடம் திரும்புகிறது. கேட்டவன் வீட்டுக்குப் போகும்போது வாயில் ஒட்டிக்கொண்டு போவதும் அதுவே. மூலப் பாட்டுக்குப் பல்லவி கிடையாது. அது கதை சொல்லிக்கொண்டே நேராகப் போகிற பாட்டு. அதற்கு ஒரு பல்லவி உண்டென்றும், அது கடைசியில் யாரும் கவனியாமல் கிடக்கிறதென்றும் கண்டதுதான் அந்த இருவரின் பிரதிபை. புதிதாக ஒரு ஸ்வரத்தைக்கூட வேகாவின் வாயில் அவர்கள் திணிக்கவில்லை.

அனுமதி பெறாமலே அவர்கள் அதை இசைத்தட்டாக அச்சிட்டு நடனக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். செய்தி, வேகாவின் பாட்டுக்களை வெளியிட்டுவந்த ஏ அண்ட் எம் நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. வழக்குத் தொடுத்திருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும், பாட்டு மாண்டிருக்கும். வேகாவுக்கோ அந்தப் புதிய உருவம் பிடித்துப்போயிற்று. நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தானே முறையாக வெளியிட்டது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடத்துக்கும், அமெரிக்கப் பட்டியலில் 5-ஆம் இடத்துக்கும் அது ஏறியது. அடுத்த ஆண்டு, அந்தப் பாட்டை யார்யாரோ எப்படியெப்படியோ மாற்றிப் பாடிய உருவங்களைத் திரட்டி 'டாம்ஸ் ஆல்பம்' என்று ஒரு தொகுப்பையே வேகா வெளியிட்டார். தம் குழந்தை பிறர் வீட்டில் வளர்ந்து வந்து நிற்பதைக் கண்டு மனம் சுருங்காத அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மையாரிடம் மரியாதை கூடுகிறது.

இந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விவரமாகவே சொல்லவேண்டும். ஏனெனில், யந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்ற எண்ணம் நம்மிடையே பலமாக வேரூன்றியிருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், கிதார், பாஸ், டிரம் ஆகியவை தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. அவற்றைக் கலந்து ஒன்றாக்குவதே மிக்ஸிங். அந்தத் தடங்களைத் திரும்பப் பெற்று வேறு விகிதத்திலும் வேறு துணைகளோடும் கலப்பதால்தான் அது ரீமிக்ஸ் ஆயிற்று. முறையாக அழைக்கப்பட்டவருக்கு இசை நிறுவனமே தடங்களை அனுப்பிவைக்கும். அவ்விதம் கிடைக்காதவர்கள், கலந்துபோன பாட்டிலிருந்தே குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களை இந்நாளில் நாடுகிறார்கள். அவை வியக்கத்தக்க சாமர்த்தியமுள்ளவைதாம். எனினும் பிரிந்துவந்த குரலின் ஓரங்களில் சிம்பலின் சிணுங்கலோ வயலினின் நிழலோ சிறிது ஒட்டிக்கொண்டேதான் வரும்.

குரல் கைக்கு வந்ததும் முதற் பிரச்னை காலப்பிரமாணம். நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்; ஹவுஸ் என்னும் நடன இசை சாதாரணமாக 120-க்கும் 130-க்கும் இடையிலே ஓடும். மெதுவான காதற்பாட்டோ எண்பதில் நடந்துகொண்டிருக்கும். முன்காலத்தில் டேப்பை வேகமாக ஓட்டினால் பாட்டு வேகமாவதோடு ஸ்ருதியும் ஏறிவிடும். இப்போது ஸ்ருதி மாறாமலே நீட்டவும் குறுக்கவும் கணினியால் இயலும். ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. அதிகமாக இழுத்தால் மெய்யெழுத்துக்கள் மழுங்கும். உயிரெழுத்துக்களில் ஓர் உலோகக் கரகரப்பு ஏறும். பாடியவர் மனுஷர்தாமா என்ற சந்தேகம் வந்துவிடும். அதனால் தேர்ந்தவர்கள் குரலை வதைப்பதைக் காட்டிலும், சொற்றொடர் சொற்றொடராக நறுக்கி, ஒவ்வொன்றையும் புதிய தாளத்தின் தக்க அடியில் வைத்து, இடையிலுள்ள மௌனத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டுகிறார்கள். அதிலும், கடிகாரத் துல்லியமாக வைத்துவிட்டால் பாட்டு செத்துவிடும். நல்ல பாடகர் தாளத்துக்குச் சற்றுப் பிந்தியோ முந்தியோதான் எடுப்பார். அந்தச் சற்றுதான் அவருடைய பாவம். அதைப் பிழையென்று எண்ணித் திருத்தியவன் எதை அழித்தோம் என்பதை அறியமாட்டான்.

அடுத்தது, குரலுக்குக் கீழே எந்த ஸ்வரங்களை வைப்பது என்பது. நம் சங்கீதத்தில் கிரகபேதம் செய்கையில், அதே ஸ்வர வரிசை ஆதார ஷட்ஜம் இடம் பெயர்ந்ததும் வேறு ராகமாகச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஏறக்குறைய அப்படிப்பட்ட ஒரு ரசவாதம் இங்கும் நிகழ்கிறது. பாடகர் பாடிய மெட்டில் ஓர் அணுவும் மாறாமலிருக்க, அடியில் ஒலிக்கும் பாஸ் ஸ்வரம் மட்டும் மாறினால், மகிழ்ச்சியாகக் கேட்ட வரி ஏக்கமாகக் கேட்கும். உறுதியாகக் கேட்ட வரி கேள்வியாகத் தொங்கும். ரீமிக்ஸ் செய்பவன் மூலப் பாட்டுக்கு அர்த்தம் சொல்கிறான் என்றால் அதை இந்த இடத்திலேதான் சொல்கிறான். பிறகு வருவது இடம் பங்கிடும் வேலை. தாழ்ந்த நாதங்களான கிக் டிரம்மும் பாஸும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டு ஒன்றையொன்று குழப்பும். ஆகவே டிரம் விழும் ஒவ்வொரு கணமும் மற்றவை தாமாகத் தாழ்ந்து மறுகணம் எழும்படி அமைத்துவிடுகிறார்கள். நடன இசையில் நாம் கேட்கிற, மூச்சு வாங்குவதுபோன்ற அந்த ஏற்றத்தாழ்வு அதனால் பிறந்ததே. தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளமே நெடுநேரம் நடப்பதற்கும் காரணம் உண்டு: டி.ஜே. ஒருவர் ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்ததை அதன்மேல் பொருத்தி இணைக்க அவகாசம் வேண்டும்.

இந்த யுக்திகள் கணினியோடு பிறந்தவை அல்ல. 1960-களின் பிற்பகுதியில், ஜமைக்காவில், ரட்டி ரெட்வுட் என்ற ஒலிபெருக்கி அமைப்பு உரிமையாளருக்காக டியூக் ரீட் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இசைத்தட்டு வெட்டப்பட்டபோது, குரல் தடத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றிரவு நடனத்தில் ரெட்வுட் முதலில் குரலுள்ள தட்டையும், பிறகு குரலற்ற தட்டையும் ஓட்ட, கூட்டம் தானே வார்த்தைகளைப் பாடி வெற்றிடத்தை நிரப்பிற்று. தவறிப்போனதில் ஒரு கலை இருப்பதை ஜமைக்கா உடனே கண்டுகொண்டது. கிங்ஸ்டன் நகரத்தின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் மின்சாதனங்களைப் பழுதுபார்த்துவந்த ஆஸ்போர்ன் ரட்டக், கிங் டப்பி என்று உலகம் அறிந்தவர், நான்கு தடங்கள் கொண்ட கலப்புமேசை ஒன்றைப் பழையதாக வாங்கி, தம் கையாலேயே திருத்தி, அதை ஒரு வாத்தியம்போல் வாசிக்கத் தலைப்பட்டார். குரலின் ஒரு துண்டு வரும், எதிரொலியாகிக் கரையும், டிரம்மும் பாஸும் மட்டும் தனியே நடக்கும், எங்கிருந்தோ கிதார் ஒரு கணம் மின்னி மறையும். 'டப்' என்று பெயர் பெற்ற அந்த இசையில் கூட்டுவதைவிடக் கழிப்பதே பிரதானம். பழுதுபார்க்கத் தெரிந்த அந்த மனிதரின் சிறிய வீட்டில்தான், கலப்பவனும் சிருஷ்டிகர்த்தா என்ற எண்ணம் முதன்முதலாக உருப்பெற்றது என்று நான் கருதுகிறேன். அதற்குரிய பெருமையை அந்தத் தீவுக்கு உலகம் இன்னும் முழுமையாகச் செலுத்தவில்லை.

நியூயார்க்கில் வேறு நோக்கத்தோடு டாம் மோல்டன் என்பவர் இந்தத் துறைக்கு வந்தார். ஃபயர் ஐலண்டின் நடனக் கூடத்தில், பாட்டுக்கள் மூன்றே நிமிஷத்தில் முடிந்துபோவதால் ஆடுகிறவர்களின் உற்சாகம் நடுவிலே அறுபட்டு, அவர்கள் களத்தைவிட்டு நகர்வதைக் கண்டு, இடைவெளியின்றி ஓடும் 45 நிமிஷ டேப் ஒன்றை வீட்டில் தயாரித்தார். அதற்குப் பிடித்த நேரம் 80 மணி என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் ஏழு அங்குலத் தட்டு கையிருப்பில் இல்லாமல் பத்து அங்குலத் தட்டில் ஒரே ஒரு பாட்டை வெட்ட நேர்ந்தது. வரிகளுக்கு விசாலமான இடம் கிடைத்ததால் நாதம் திடமாகவும் உரக்கவும் எழுந்தது. அந்த அனுபவத்திலிருந்து பன்னிரண்டு அங்குலத் தட்டு பிறந்தது. 1976-இல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் என்பவர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் விஸ்தரித்த உருவமே கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் பன்னிரண்டு அங்குலத் தனிப்பாட்டு என்று கருதப்படுகிறது.

பாரத நாட்டுக்கு உரிமையுள்ள ஓர் உதாரணமும் இருக்கிறது. ஆஷா போஸ்லேயைப் போற்றி, இங்கிலாந்தில் பிறந்த பஞ்சாபி வம்சத்தவரான திஜிந்தர் சிங்கின் கார்னர்ஷாப் குழு 1997-இல் வெளியிட்ட 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' பிரிட்டிஷ் பட்டியலில் 60-ஆம் இடத்தோடு நின்றது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் பிரபலமான நார்மன் குக் அதன் வேகத்தைக் கூட்டி, ஸ்ருதியையும் ஏற்றி, கனத்த டிரம்மோடு மாற்றியமைத்தார். 1998 பிப்ரவரியில் அது முதலிடம் பெற்றது. மூலத்தில் இருந்த சாவதானமான இனிமை இதில் குறைந்துபோயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பம்பாய்ப் பின்னணிப் பாடகி ஒருவரின் பெயரை லண்டன் இளைஞர்கள் தெருத்தெருவாகப் பாடவைத்தது அந்த உருவந்தான்.

உரிமை விஷயத்தை ஒதுக்கிவிட்டுப் போகமுடியாது. ஒரு பாட்டில் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியவர் வேறு. அந்தப் பதிவுக்கு உரியவர் வேறு. மூலக் குரலையே எடுத்தாள்கிறவர் எல்லாரிடமும் இசைவு பெறவேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த திருத்தம், முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்தபின் உரிய அறிவிப்பும் தொகையும் கொடுத்து ஒரு பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்ய இடமளிக்கிறது. ஆனால் தொழில்நுட்பத்துக்கு அவசியமானதற்குமேல் சொல்லையும் இசையையும் மாற்றக்கூடாது என்கிறது. மூலப் பதிவையே கையாள அதில் வழியில்லை. சட்டத்தைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டி.என்.ஏ. தட்டில் வேகாவின் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தத் தாளத்தின் பிறப்பிடமான சோல் டு சோல் குழுவை எத்தனை பேர் நினைத்தார்கள்? மெட்டுக்குத் தரும் மதிப்பை நாம் தாளத்துக்குத் தருவதில்லை. அந்த அநீதி இன்னும் தொடர்கிறது.

கடைசியாக, மிகுந்த அடக்கத்தோடு செய்யப்பட்ட ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். டிரேசி தோர்ன், பென் வாட் இருவரும் சேர்ந்த எவ்ரிதிங் பட் த கேர்ள் என்ற ஆங்கிலேய இசை இணை, 1994-இல் 'மிஸ்ஸிங்' என்ற பாட்டை வெளியிட்டது. இடம் பெயர்ந்து போய்விட்ட ஒருவரின் பழைய வீட்டைத் தேடிவந்து நிற்கிறவரின் பாட்டு அது. கிதாரோடு மெல்லப் பாடியது. அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த டாட் டெர்ரி அதை ஹவுஸ் தாளத்தில் அமைத்தபோது, குரலின்மேல் கை வைக்கவில்லை. சோகத்தை உற்சாகமாக மாற்ற முயலவும் இல்லை. கீழே தாளம் ஓடிக்கொண்டேயிருக்க, மேலே அந்தக் குரல் அதே தனிமையில் நிற்கிறது. ஆடுகிற கூட்டத்தின் நடுவிலும் ஒருவருக்குத் தனிமை நேரக்கூடும் என்ற உண்மை, மூலத்தில் இல்லாதது, இந்தச் சேர்க்கையால் பிறந்தது. 1995-இலும் அடுத்த ஆண்டிலும் அது பிரிட்டனில் 3-ஆம் இடத்தையும், அமெரிக்காவில் 2-ஆம் இடத்தையும் எட்டி, அமெரிக்கப் பட்டியலில் 55 வாரங்கள் நிலைத்தது. அதன்பின் அந்த இருவரும் தங்கள் பழைய பாதைக்குத் திரும்பவில்லை. 1996-இல் வந்த 'வாக்கிங் வூண்டட்' தொகுப்பில் மின்னணுத் தாளங்களைத் தாங்களே மேற்கொண்டார்கள். டிரேசி தோர்னின் குரல் மட்டும் முன்போலவே பாடிற்று. பென் வாட் பிற்பாடு தாமே ஒரு டி.ஜே. ஆகி, 2003-இல் பஸ்ஸின் ஃப்ளை என்ற நடன இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.